வாடைக் காற்றை வன்மையாகக் கண்டிக்கிறோம்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். பள்ளிக்கூடப் படகு எங்கள் துறையில் வந்து தட்ட வேண்டிய நேரம் அது. தட்டவில்லை. அன்றிலிருந்து எனக்குக் கடிகாரத்தைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் வாடை வீசத் தொடங்கினால் கண் தானாக மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது.

அந்த நான்கு பத்தைச் சொல்ல வேண்டுமென்றால், எதிர்க்கட்சி அக்காவைச் சொல்லியாக வேண்டும். உலகத்தில் நடந்தது, நடப்பது, இனி நடக்கப்போவது அத்தனையையும் எதிர்த்த ஒரே மனிதப் பிறவி அவர்தான். மழை வந்தால், "இப்ப இன்னாத்துக்கு மழை?" என்பார். வராவிட்டால், "மழைக்கு இன்னா கேடு?" என்பார். ஊரில் யாராவது அவரை மனம் குளிரப் புகழ்ந்தால், "அப்டிலாம் ஒண்ணும் இல்ல, நீ ஜாஸ்தி பேசாத" என்று அதையும் எதிர்த்துவிட்டுத்தான் நகர்வார்.

பழவேற்காட்டிலிருந்து படகேறினால் ஏரிக்கு நடுவே ஒரு மண்திட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். அக்காவுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நண்டு வியாபாரம். காலையில் கூடையோடு பழவேற்காடு போவார், மாலையில் காலிக் கூடையோடு திரும்புவார். அவருடைய கணவர் வாய் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. அவருக்கு ஊர் வைத்த பெயர் ஆளுங்கட்சி.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் இரண்டு அறை, ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். அதைக் கட்டியபோது முதல் ஆளாக எதிர்த்தவர் அக்காதான். கதவு எந்தப் பக்கம் வைத்தாலும் அது தப்பான பக்கம் என்றார். கொத்தனார் நொந்துபோய், "கதவே வேணாம்னு வுட்டுட்டா?" என்று கேட்டதற்கு, "அப்போ ஆடு வந்து படிக்கும்" என்றார்.

பிறகு முட்டை. ஒரு நாள் சத்துணவில் போட்ட முட்டை சிறியதாக இருக்கிறது என்று அதைக் கையில் பொத்திக்கொண்டு படகேறி, பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போய்விட்டார். நான் அங்கே ஒரு அலுவலகத்தில் எழுத்தர். என்னையும் வேலையிலிருந்து இழுத்துக்கொண்டு போய், அதிகாரியின் மேசைமேல் முட்டையை வைத்தார்.

"சார், இது முட்டையா, மாத்திரையா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் முட்டையைப் பார்த்தேன். அடுத்த வாரமே முட்டை பெரிதாகிவிட்டது. நாங்கள் மகிழ்ந்து போய் நன்றி சொல்லக் கூட்டம் போட்டோம். "இத்தாம் பெரிய முட்டைய துன்னா புள்ளைக்கு ஜீரணம் ஆவுமா?" என்று அதையும் எதிர்த்தார் அக்கா.

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் அவருக்கு இடமே கிடையாது. அவருடைய பிள்ளைகள் படித்து முடித்து, கல்யாணமாகி, சென்னைப் பக்கம் போய்விட்டார்கள். ஆகவே கூட்டம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மணலில் குந்திக்கொண்டு எதிர்ப்பார். கோபம் உச்சத்துக்கு ஏறினால் வெளிநடப்புச் செய்ய வேண்டுமே! அதற்காக எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, கதவு வழியாக உள்ளே நுழைந்து, எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, திரும்ப வெளியே நடப்பார். வெளிநடப்புக்காக உள்நடப்புச் செய்த அரசியல்வாதி இந்தியாவிலேயே அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், பிள்ளைகள் குறைவாக உள்ள சின்னப் பள்ளிக்கூடங்களைப் பெரிய பள்ளிக்கூடங்களோடு இணைக்கும் பேச்சு வந்தது. பத்திரிகைகளில் ஆதரித்தும் எதிர்த்தும் எழுதித் தள்ளினார்கள். எல்லாவற்றையும் வாங்கிப் படித்தேன். என் மகள் பவித்ரா அப்போது நான்காம் வகுப்பு. எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே குழந்தை. எங்கள் பள்ளி மூடப்பட்டால் அவள் தினமும் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டும். அங்கே வகுப்புக்கு ஒரு டீச்சர், கம்ப்யூட்டர், விளையாட்டு மைதானம் எல்லாம் உண்டு. நடுவில் ஏரியும் உண்டு.

எனக்கு இரண்டு கருத்து இருந்தது. காலையில் பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நான் இணைப்பை ஆதரித்தேன். மாலையில் படகில் திரும்பும்போது ஓர் அலை பக்கவாட்டில் அடித்துச் சட்டையை நனைக்கும். உடனே எதிர்த்தேன். ஒரே நாளில் இரண்டு கட்சி மாறியவன் நான். வீட்டில் என் மனைவி, "நீ மொதல்ல உனக்குள்ள ஓட்டெடுப்பு நடத்தினு வா, அப்பால சோறு போடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

காலாண்டு விடுமுறைக்கு முன்னால் கல்வி அதிகாரி வந்தார். நல்ல மனிதர். குற்றம் சொல்ல முடியாது. பொறுமையாக விளக்கினார்.

"ஒரு டீச்சர் ஒண்ணாம் வகுப்புக்கு எழுதிப் போடும்போது, நாலாம் வகுப்புப் பிள்ளை என்னம்மா செய்யும்?"

ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "ஒண்ணாங்கிளாச இன்னொரு தபா படிக்கும். நல்லா ஏறும்."

"அந்தப் பள்ளியில ஸ்மார்ட் கிளாஸ் கட்டியிருக்கோம். பெரிய திரை. எல்லாம் புதுசு."

"டச்சுக்காரன் அந்தூர்ல கோட்டையே கட்டினான். இப்ப கல்லறை மட்டுந்தான் கீது. கட்டடத்தக் காட்டி எங்களுக்கு ஆச காட்டாத சார்."

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஊர்த் தலைவர், "யக்கா, கம்னு இரு. அவரு பெரியவரு" என்றார்.

"பெரியவருனா நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லட்டும். இத்தினி புள்ளைங்கள ஏரியத் தாண்ட வெக்கிறதுக்கு, ஒரே ஒரு டீச்சர இந்தப் பக்கம் தாண்ட வைக்கக் கூடாதா? ரெண்டு டீச்சர் ஆச்சுன்னா பள்ளிக்கூடம் நடக்கும்ல?"

"விதிப்படி இத்தனை பிள்ளைகளுக்கு ஒருத்தர்தாம்மா."

"அப்போ விதியப் படகுல ஏத்தி அனுப்பு. முழுவட்டும்."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சரி, அக்கா இணைப்பை எதிர்க்கிறார் என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். மாலை நேரமாதலால் நானும் எதிர்ப்பில் இருந்தேன். ஆனால் ஒரு தகப்பன் எழுந்து, "நம்ம பள்ளிக்கூடமே போதும் சார்" என்றதும் அக்கா அவன்மேல் பாய்ந்தார். "இன்னா போதும்? அஞ்சாவது முடிச்சவன் தன் பேர எழுத முழுநாள் எடுத்துக்கறான். இதுவா போதும்? கேட்டியா ஆபீசு, இவனுக்குப் போதுமாம்!" என்னை அவர் 'ஆபீசு' என்றுதான் கூப்பிடுவார். பிறகு சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, இரண்டு தரப்பையும் கண்டித்து வெளிநடப்புச் செய்தார்.

கடைசியில் அதிகாரி ஒரு வழி சொன்னார். விடுமுறை முடிந்ததும் ஒரு வாரம் சோதித்துப் பார்ப்போம். பழவேற்காட்டிலிருந்து வாடகைப் படகு வரும். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை. தினமும் ஊர்ப் பெரியவர் ஒருவர் காலையிலும் மாலையிலும் கூடவே போய் வர வேண்டும். ஒரு வாரம் சரியாக நடந்தால் இணைத்துவிடலாம்.

யார் எந்த நாள் போவது? எங்கள் ஆட்களுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. பாடு போட்டுவிட்டார்கள்.

பாடு என்பது எங்கள் ஏரியின் சட்டம். நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். வலை போடுகிறவர்கள் நிறைய. அதனால் கோயிலில் சீட்டுக் குலுக்கி முறை பிரித்துக்கொள்வார்கள். இன்று உன் முறை என்றால் அந்த இடம் இன்று உன்னுடையது. நீ போகாவிட்டால் இடம் சும்மா கிடக்கும். ஆனால் உன் முறையில் இன்னொருவன் கால் வைக்கவே கூடாது. வைத்தால் அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பருவம் முழுவதும் முறை கிடையாது. எங்கள் ஊரில் திருட்டைக்கூட மன்னிப்பார்கள், முறை மீறியவனோடு பேசமாட்டார்கள். இந்தச் சட்டம் இருப்பதால்தான் ஏரியில் வெட்டுக்குத்து இல்லை.

பிள்ளைகளுக்குப் பாடு போட்டதை அக்கா எதிர்த்தார். "பாடு மீனுக்குடா! புள்ளைங்க இன்னா மீனா?" என்று கத்தினார். கத்தி முடித்து, "எனக்கும் ஒரு சீட்டு எழுது" என்றார். படிக்கிற பிள்ளை உள்ள வீட்டுக்குத்தான் சீட்டு என்று தலைவர் மறுத்துவிட்டார். அக்கா வெளிநடப்புச் செய்தார். ஏற்கெனவே வெளியில்தான் நின்றிருந்தார் என்பதால் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

முதல் நாள் தலைவரின் முறை. நன்றாகப் போய் நன்றாக வந்தது. பவித்ரா கம்ப்யூட்டரில் தன் பெயரை அடித்ததாகச் சொன்னாள். அன்று மாலைகூட நான் ஆதரவில் இருந்தேன். இரண்டாம் நாளும் பழுதில்லை. மூன்றாம் நாள் குமரேசனின் முறை.

குமரேசன் முந்தின நாளே எளாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். காலையில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். வரவில்லை. நான் முதல் படகிலேயே பொன்னேரிக்குப் புறப்பட்டுவிட்டேன். அக்காவும் அதே படகில் நண்டுக் கூடையோடு போய்விட்டார். ஆகவே துறையில் நடந்ததைப் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் மிதவைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். படகோட்டி அவசரப்படுத்தினான். கரையில் ஏழெட்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவன்கூட ஏறவில்லை.

ஏனென்றால், அது குமரேசனின் முறை.

அந்தக் காலை வேளையில் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை. வானம் வெளுத்திருந்தது. இடம் சும்மா கிடப்பதுபோல, துணைக்கு இருக்க வேண்டிய இடமும் சும்மா போயிற்று.

மத்தியானம் வானம் கறுத்தது. பொன்னேரியில் என் மேசைமேல் இருந்த தாள்கள் பறந்தன. தலைவலி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸில் உட்காரவில்லை, நின்றேன். உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போவதுபோல் இருந்தது. பழவேற்காட்டில் பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்ததால், துணைக்குக் குமரேசன் இருப்பான் என்று நான் முன்னால் வந்துவிட்டேன். படகில் வந்து இறங்கியபோது முதுகுக்குப் பின்னால் ஏரி சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் துறையிலேயே நடக்க ஆரம்பித்தேன்.

நான்கு பத்து. படகு இல்லை.

கொஞ்சம் தாமதம்தான் என்று படகு கட்டும் கட்டைவரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். வாடை வலுத்தது. பழவேற்காட்டிலிருந்து வரும் படகுக்கு அது நேர் எதிர்க்காற்று. படகோட்டிக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு சொன்னாள். பெண்கள் துறைக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"பயப்படாத. கூட குமரேசன் கீறான். ஏரிய நல்லா தெரிஞ்சவன்" என்றார் தலைவர்.

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எனக்கும் உயிர் வந்தது. காலையில் துறையில் நின்ற ஆண்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் கவனிப்பதற்குள், வடக்குப் பக்கமிருந்து காற்று பின்னால் தள்ள ஒரு சின்னப் படகு வந்து தட்டியது. நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பையோடு ஓர் ஆள் குதித்து இறங்கினான்.

"இன்னா தலைவரே, கூட்டமா கீது?" என்றான் குமரேசன்.

அந்த நொடியை என்னால் இன்னும் எழுத முடியவில்லை. தாம்பூலப் பையில் தேங்காய் இருந்தது. அது கீழே விழுந்து உருண்டது மட்டும் நினைவிருக்கிறது.

"நீ இங்க கீறே! அப்போ புள்ளைங்க கூட யாருடா?" என்று அலறினார் தலைவர்.

"நான் இல்லன்னா வேற யாராச்சும் ஏறியிருப்பீங்கனு நெனச்சேன்."

"உன் மொறைல நாங்க எப்டிடா ஏறுவோம்?" என்று கேட்டான் ஒருவன். கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவன் காதில் விழுந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஆண்கள் படகுகளைத் தள்ள ஓடினார்கள். நான் எந்தப் படகை எந்தப் பக்கம் தள்ளினேனோ தெரியாது. ஒருவர் என்னைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். அப்போது என் பின்னாலிருந்து, கேட்டுப் பழக்கமில்லாத ஒரு குரல் வந்தது.

"அவளும் இன்னும் வரல."

ஆளுங்கட்சி பேசிவிட்டார்! அந்தக் கலவரத்திலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "நண்டு விக்கப் போனவ. இந்நேரம் வந்துருக்கணும்" என்றார். ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வயதுக்கு இழுத்தடிப்பது ஆகாது. உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஆகாது. எங்கள் பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. 'மறு உத்தரவு வரும்வரை' என்று ஒரு வரியில் இணைப்பு நின்றது. அந்த உத்தரவு இன்னும் வரவில்லை. நாங்கள் தினமும் எதிர்பார்க்கிறோம். இரண்டாவதாக ஒரு டீச்சர் வாரத்தில் மூன்று நாள் படகேறி வருகிறார். அவருடைய குடையின் நிறத்தை அக்கா எதிர்த்தார். முறை மீறியதற்காக அக்காவின் குடும்பத்துக்குத் தண்டனை வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் வந்தது. ஊரே கை தூக்கியது. எதிர்த்து ஒரே ஒரு கை. அக்காவுடையதுதான். "சட்டம்னா சட்டம். இன்னிக்கு எனக்கு வுட்டா நாளைக்கு ஏரியில எவனும் மொறைய மதிக்க மாட்டான்" என்று ஜன்னலே இல்லாத அந்தக் கோயில் மண்டபத்தில் ஜன்னலைத் தேடிவிட்டு, கடைசியில் வாசலில் நின்று பேசினார். அவரே வற்புறுத்தி அந்தப் பருவம் முழுவதும் தன் குடும்பத்தின் முறையை விட்டுக்கொடுத்தார். ஆளுங்கட்சி வலையைச் சுருட்டிப் பரணில் வைத்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று துறையில் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. முதலில் கேட்டது சத்தம்தான். இருட்டப்போகிற நேரம். காற்றின் இரைச்சலுக்கு நடுவே பிள்ளைகளின் குரல் விட்டு விட்டு வந்தது. அழுகிறார்களோ என்று என் மனைவி என் கையைப் பிடித்தாள். காற்று ஒரு கணம் ஓய்ந்தது. அப்போது தெளிவாகக் கேட்டது.

"வாடைக் காத்தை!"

"வன்மையாகக் கண்டிக்கிறோம்!"

"நின்னு போன இன்ஜினை!"

"வன்மையாகக் கண்டிக்கிறோம்!"

கோஷம் போட்டுக்கொண்டு வந்தது படகு. இன்ஜின் ஓடவில்லை. முன்னால் இடுப்புத் தண்ணீரில் ஓர் உருவம் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. அக்காதான். பின்னால் படகோட்டி தள்ளிக்கொண்டு வந்தான். அறுந்த வலை ஒன்று தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட்டதாம். காற்று படகைச் சேற்றுப் பக்கம் ஒதுக்கிவிட்டதாம். மாலையில் பழவேற்காட்டுத் துறையில் பிள்ளைகளோடு பெரியவர் யாரும் இல்லாததைப் பார்த்ததும் அக்கா படகோட்டியிடம் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "இன்னிக்கு யாரு மொறை?" குமரேசன் முறை என்று பிள்ளைகள் சொன்னார்கள். முறை மீறல் என்று தெரிந்தே கூடையைத் தூக்கிப் போட்டு ஏறினார்.

நாங்கள் தண்ணீரில் இறங்கி ஓடினோம். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கினார்கள். பவித்ரா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, என்னைத்தான் கோஷம் எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க!" என்றாள். தொண்டை கட்டியிருந்தது. பயந்த மாதிரியே தெரியவில்லை. பயம் முழுவதையும் நான் வாங்கி வைத்திருந்தேன்.

எல்லாரும் கரையேறிய பிறகு, கடைசியாக அக்கா வந்தார். கால் முழுக்கச் சிப்பி கிழித்த கோடுகள். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மொறை மீறினது தப்புதான். தண்டனை போடு. அப்பத்தானே நான் எதுக்க முடியும்?" என்று அவரைக் கடந்து வந்து, என் எதிரே நின்றார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாயிலிருந்து விம்மல்தான் வந்தது.

"இன்னா ஆபீசு, ஊரே பாக்கச்சொல்ல அழுவறே? புள்ளைங்க எல்லாம் வந்துடுச்சானு எண்ணிப் பாரு."

எண்ணப் பார்த்தேன். கண்ணில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கலங்கின. இரண்டுக்குமேல் போக முடியவில்லை. அக்கா ஈரக் கையால் பவித்ராவின் தலையைத் தடவிக்கொடுத்தார். அதுவரை என்னை ஆபீசு என்றே கூப்பிட்டுவந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"வுடு நைனா. எல்லாம் கீது. வழி பூரா நான் எண்ணிக்கினேதான் வந்தேன்."